மின்கார் வாங்கலாமா? இரவில் கார் எங்கே நிற்கும் என்று முதலில் பாருங்கள்

டெங்கில் - சாப்பாட்டுக் கடையில் மின்கார் பேச்சு எழுந்தால் முதலில் வருவது ஒரே கேள்விதான்: "ஒரு தடவை சார்ஜ் போட்டா எவ்வளவு தூரம் ஓடும்?" விற்பனையாளரும் அதற்கான பதிலைத்தான் முதலில் சொல்கிறார். விளம்பரத்திலும் அந்த எண்தான் பெரிதாக அச்சாகிறது. டெங்கில் வட்டாரத்தில் தினமும் வேலைக்குப் போய் வரும் ஒருவருக்கு அந்தக் கேள்வி அவ்வளவு முக்கியமில்லை.

காரணம் எளிது. டெங்கிலிலிருந்து புத்ராஜெயா சுமார் 12 கிலோமீட்டர். விமான நிலையத்திற்கு 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல். பிரிக்பீல்ட்ஸ் 40 கிலோமீட்டரை ஒட்டி இருக்கும். கிள்ளான் இன்னும் கொஞ்சம் தூரம். மிகத் தொலைவில் வேலை பார்ப்பவர்கூடப் போக வர நாளுக்கு 100 கிலோமீட்டர்தான் ஓட்டுவார். புரோட்டோன் 2025 அக்டோபரில் அறிமுகப்படுத்திய இ.மாஸ் 5 ரகத்தில், சிறிய பேட்டரி கொண்ட மலிவான வகைக்கே நிறுவனம் 225 கிலோமீட்டர் என்று சொல்கிறது. ஏர்கோன், நெடுஞ்சாலை வேகம், நான்கு பேர் எடை எல்லாவற்றையும் கழித்தாலும் கிள்ளானுக்குப் போய்த் திரும்பி வர அது போதும்.

தினசரி ஓட்டத்துக்குத் தூரம் ஒரு தடையில்லை என்றால் வேறு எது தடை? மறுநாள் காலைக்குள் அந்தப் பேட்டரி எங்கே, என்ன விலையில் நிரம்புகிறது என்பதுதான். வீட்டு வாசலில் கார் நிறுத்துபவருக்கும் அடுக்குமாடியின் பொது இடத்தில் நிறுத்துபவருக்கும் கணக்கு முற்றிலும் வேறு. டெங்கிலில் இரு வகைக் குடும்பங்களும் அருகருகே வாழ்கின்றன.

வாசலில் ஒரு பிளக்

தரைவீட்டில் இருப்பவர்களின் கணக்கை முதலில் பார்ப்போம். மின்கார் வாங்கினால் சுவரில் பெரிய சார்ஜர் பெட்டி கட்டாயம் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சாதாரண மூன்று முனை பிளக்கில் செருகும் கையடக்கச் சார்ஜரே ஏறக்குறைய 2 கிலோவாட் தரும். இரவு ஒன்பது மணிக்குச் செருகிக் காலை ஏழு மணிக்கு எடுத்தால் 10 மணி நேரம், அதாவது 20 யூனிட். ஒரு சிறிய மின்காருக்கு 100 கிலோமீட்டருக்கு 15 முதல் 16 யூனிட் தேவைப்படும். ஆக, ஓர் இரவுச் சார்ஜில் 120 கிலோமீட்டர் கிடைத்துவிடுகிறது. கைப்பேசியைப் போல, தூங்கும்போது செருகிவிட்டுக் காலையில் எடுத்துப் போகலாம்.

பிளக் பழையதாக இருந்தால் விஷயம் வேறு. கேத்தலில் தண்ணீர் கொதிக்க ஐந்து நிமிடம் போதும். கார் பத்து மணி நேரம் தொடர்ந்து மின்சாரம் இழுக்கும். முப்பது ஆண்டுக்கு முந்தைய தாமான் வீடுகளில் வாசல் பிளக்கும் சமையலறையும் ஒரே வயரில் ஓடுவது உண்டு. அங்கே நேராகக் காரைச் செருகினால் வயர் சூடாகும், பிளக் உருகும். எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனை அழைத்து, காருக்கென்று தனி வயரும் தனிப் பாதுகாப்பு சுவிட்சும் போடுவது அவசியம். எக்ஸ்டென்ஷன் வயர் கூடவே கூடாது.

7 கிலோவாட் சுவர்ப் பெட்டி வேண்டுமென்றால் பொருத்தும் செலவோடு சில ஆயிரம் வெள்ளி ஆகும். அதற்கான செலவில் 2,500 வெள்ளி வரை 2027ஆம் வரி ஆண்டு வரைக்கும் தனிநபர் வருமான வரியில் விலக்குக் கோரலாம். வருமான வரி கட்டாதவருக்கு அந்தச் சலுகையால் ஒரு காசுப் பயனும் இல்லை.

பெட்ரோலா, மின்சாரமா? கணக்கைப் போட்டுப் பார்த்தால்

பெட்ரோலைவிட மின்சாரம் மலிவு என்று எல்லோரும் சொல்கிறார்கள். எங்கே சார்ஜ் போட்டால் மலிவு என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

2025 செப்டம்பர் 30இல் தொடங்கிய புடி95 திட்டத்தில், ஓட்டுநர் உரிமம் வைத்திருக்கும் மலேசியருக்கு ரோன்95 லிட்டருக்கு 1 வெள்ளி 99 சென். மாதம் 300 லிட்டர் வரை அந்த விலை என்று அறிவிக்கப்பட்டது. மைவி, பெசா போன்ற கார்கள் நகர ஓட்டத்தில் 100 கிலோமீட்டருக்கு ஆறரை லிட்டர் குடிக்கும் என்று வைத்துக்கொண்டால் செலவு ஏறக்குறைய 13 வெள்ளி.

இப்போது மின்சாரம். 2025 ஜூலையில் வந்த புதிய கட்டண முறையில், மாதம் 1,500 யூனிட்டுக்குள் பயன்படுத்தும் வீட்டுக்கு எரிசக்தி, கொள்திறன், கம்பித்தொடர் கட்டணம் மூன்றும் சேர்ந்து யூனிட்டுக்கு 44 சென்னை ஒட்டி வருகிறது. குறைவாகப் பயன்படுத்தும் வீடுகளுக்கு டி.என்.பி. ஒரு சிக்கனத் தள்ளுபடி தருகிறது. வீட்டின் மொத்தப் பயன்பாடு ஏற ஏற அந்தத் தள்ளுபடி கரையும். 600 யூனிட்டைத் தாண்டினால் மாதம் 10 வெள்ளி சில்லறைக் கட்டணமும் சேரும். ஆகவே, கார் வந்த பிறகு கூடுதலாக ஓடும் யூனிட்டுக்கு 44 சென் என்று கணக்குப் போடாமல் 50 சென் என்று போடுவது பாதுகாப்பு. 16 யூனிட்டுக்கு 8 வெள்ளி. அதாவது பெட்ரோலில் 13 வெள்ளி ஆகும் 100 கிலோமீட்டருக்கு வீட்டு மின்சாரத்தில் 8 வெள்ளி.

மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டுபவருக்குப் பெட்ரோல் 195 வெள்ளி, வீட்டு மின்சாரம் 120 வெள்ளி. மிச்சம் 75 வெள்ளி. கணிசமான தொகைதான், ஆனால் விளம்பரத்தைப் பார்த்து மனத்தில் போட்டுக்கொண்ட அளவுக்குப் பெரியதல்ல. நேரத்துக்கேற்ற கட்டண முறைக்கு மாறினால், வேலை நாட்களில் இரவு 10 மணிக்கு மேல் சார்ஜ் போடுவதில் யூனிட்டுக்கு இன்னும் சில சென் குறையும். அதுவும் சில சென்தான்.

பொது இடத்தில் இருக்கும் அதிவேகச் சார்ஜரில் இதே காரைச் செருகினால் கதை தலைகீழாகிறது. பேரங்காடிகளிலும் நெடுஞ்சாலை ஓய்வுத் தளங்களிலும் இருக்கும் டி.சி. சார்ஜர்களில் விலை பெரும்பாலும் யூனிட்டுக்கு 1 வெள்ளி 20 சென் முதல் 1 வெள்ளி 60 சென் வரை. நடுவில் 1 வெள்ளி 40 சென் என்று எடுத்தால் 16 யூனிட்டுக்கு 22 வெள்ளி 40 சென். மாதம் 1,500 கிலோமீட்டருக்கு 336 வெள்ளி. அதே ஓட்டத்துக்குப் பெட்ரோல் 195 வெள்ளிதான் என்பதை மறக்க வேண்டாம். வீட்டில் சார்ஜ் போடுபவர் 75 வெள்ளி மிச்சம் பிடிக்கும் அதே மாதத்தில், பொதுச் சார்ஜரை நம்பி இருப்பவர் 140 வெள்ளி கூடுதலாகக் கட்டுகிறார். கார் அதே கார்தான்.

உதவித்தொகை இல்லாத பெட்ரோல் லிட்டர் 2 வெள்ளி 60 சென் என்று வைத்தாலும் 100 கிலோமீட்டருக்கு 17 வெள்ளிதான் ஆகிறது. அப்போதும் அதிவேகச் சார்ஜர் வெல்லவில்லை.

இந்தக் கணக்கிலிருந்து ஓர் எல்லைக்கோடு கிடைக்கிறது. 13 வெள்ளியை 16 யூனிட்டால் வகுத்தால் ஏறக்குறைய 80 சென். யூனிட் 80 சென்னுக்குக் கீழே கிடைத்தால் மின்கார் எரிபொருள் செலவில் லாபம், அதற்கு மேல் போனால் நட்டம். பெட்ரோல் விலை மாறினால் இந்தக் கோடும் நகரும். 2 வெள்ளி 60 சென் பெட்ரோலுக்கு அது 1 வெள்ளி 5 சென்னை ஒட்டி வரும். கார் வாங்க நினைப்பவர் தன் மாத ஓட்டத்தையும் தனக்குக் கிடைக்கும் யூனிட் விலையையும் ஒரு தாளில் எழுதிப் பெருக்கிப் பார்க்கலாம். ஐந்து நிமிட வேலை. ஒன்பது ஆண்டுக் கடனில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த ஐந்து நிமிடத்தைச் செலவழிப்பதில் தவறில்லை.

புடி95 உதவி காருக்கு இல்லை, அடையாள அட்டைக்குத்தான் என்பதையும் கவனிக்க வேண்டும். கணவனும் மனைவியும் தனித்தனியே கார் ஓட்டும் வீட்டில் ஒருவர் மின்காருக்கு மாறினாலும் மற்றவருக்கான லிட்டர்கள் அப்படியே இருக்கும். இரண்டு கார் வீடுகளில் ஒன்று மட்டும் மின்காராவது நல்ல ஏற்பாடு என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொரு காரணம் பண்டிகைப் பயணம். அது பின்னால் வருகிறது.

தவணை எவ்வளவு?

எரிபொருளில் 75 வெள்ளி மிச்சம் என்பது கார் விலையில் எவ்வளவு கூடுதல் கொடுத்தோம் என்பதைப் பொறுத்தே லாபமாகும். இ.மாஸ் 5 காரின் தொடக்க விலை அறிமுகத்தின்போது 60,000 வெள்ளியை ஒட்டி இருந்தது. உயர் ரக மைவியை வாங்க நினைத்தவருக்கு அது கிட்டத்தட்ட அதே விலை. அவருக்கு எரிபொருள் மிச்சம் கையில் நிற்கும். ஆனால் 45,000 வெள்ளி கார் வாங்க நினைத்தவர் மின்காருக்காக 60,000 வெள்ளிக்கு ஏறினால், கூடுதலான 15,000 வெள்ளியை ஒன்பது ஆண்டுக்குப் பிரித்தால், வட்டி இல்லாமலே மாதம் 139 வெள்ளி. 75 வெள்ளியை மிச்சம் பிடிக்க 139 வெள்ளி கொடுப்பது லாபம் ஆகாது.

பெரோடுவா 2025 டிசம்பரில் வெளியிட்ட கியூ.வி.-இ காரில் இன்னொரு கணக்கு உண்டு. காரின் விலை 80,000 வெள்ளி. அதில் பேட்டரி சேரவில்லை. பேட்டரியை நிறுவனத்திடமிருந்து ஒன்பது ஆண்டுக்கு வாடகைக்கு எடுக்க வேண்டும், மாதம் 275 வெள்ளி, வரி சேர்த்தால் 300 வெள்ளியை நெருங்கும். பேட்டரி பழுதாகிவிடுமோ என்ற பயம் வாங்குபவருக்கு வேண்டாம், அந்தப் பொறுப்பு நிறுவனத்தின் தலையில் என்பது இதில் உள்ள நன்மை. ஆனால் விலைப் பலகையில் 80,000 என்று பார்த்து வருபவர், ஒன்பது ஆண்டு வாடகையையும் கூட்டினால் மொத்தம் 110,000 வெள்ளியை ஒட்டிப் போகிறது என்பதை அறிந்திருக்க வேண்டும். வங்கித் தவணையோடு பேட்டரித் தவணையும் மாதம் தவறாமல் வரும். ஒரு மாதம் கார் வீட்டிலேயே நின்றாலும் பேட்டரி வாடகை நிற்காது.

இறக்குமதி மின்கார்களுக்கு இருந்த முழு வரிவிலக்கு 2025 டிசம்பர் 31இல் முடிந்தது. உள்நாட்டில் பூட்டப்படும் கார்களுக்கு 2027 முடிய அது உண்டு. தஞ்சோங் மாலிமில் புரோட்டோன் தனது மின்கார் ஆலையை 2025இல் திறந்ததன் பின்னணி இதுதான். சாலை வரியும் இனி இலவசமில்லை. 2026 ஜனவரி முதல் மோட்டாரின் கிலோவாட் திறனைப் பார்த்து விதிக்கப்படுகிறது. முன்பிருந்த விகிதத்தோடு ஒப்பிட்டால் அது மிகக் குறைவு, யாரும் அதற்காக மின்காரை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை.

தோட்டப் பின்னணியிலிருந்து வந்த குடும்பங்களில் பெரும்பாலோர் புதிய கார் வாங்குவதில்லை, கைமாறிய காரைத்தான் வாங்குகிறார்கள். அவர்களுக்கு மின்கார் சந்தை இப்போதுதான் திறக்கிறது. புதுக் கார்களின் விலை இறங்கிக்கொண்டே வருவதால் பழைய மின்கார்களின் மறுவிற்பனை விலை வேகமாகச் சரிகிறது. முதலில் வாங்கியவருக்கு அது இழப்பு. இரண்டாவதாக வாங்குபவருக்கு வாய்ப்பு. பேட்டரிக்குப் பொதுவாக எட்டு ஆண்டு அல்லது 160,000 கிலோமீட்டர் உத்தரவாதம் கொடுக்கிறார்கள். அதில் எத்தனை ஆண்டு மீதி, புது உரிமையாளருக்கு அது மாறுமா, பேட்டரியின் ஆரோக்கிய அளவு எவ்வளவு என்று எழுத்து மூலம் கேட்டு வாங்காமல் பணம் கொடுக்கக் கூடாது. பெட்ரோல் காரில் இன்ஜின் சத்தத்தைக் கேட்டே நல்லது கெட்டது சொல்லும் போர்மன், இங்கே காதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

தீபாவளிக்கு ஊருக்குப் போனால்?

தினசரி ஓட்டத்தில் தூரம் பிரச்சினையில்லை என்று மேலே சொன்னது ஆண்டுக்கு நான்கைந்து நாட்களுக்குப் பொருந்தாது. தீபாவளிக்கு ஈப்போ, பொங்கலுக்கு சுங்கை பட்டாணி, ஒரு திருமணத்துக்கு ஜொகூர் பாரு என்று போகும் குடும்பத்துக்குச் சிறிய பேட்டரி சோதனைதான். 110 கிலோமீட்டர் வேகத்தில் மின்கார் அதிகமாக மின்சாரம் குடிக்கும். பெட்ரோல் காரில் நெடுஞ்சாலையில் சிக்கனமும் நகரத்தில் செலவும் என்றால் மின்காரில் அப்படியே எதிர்மாறு. 30 யூனிட் பேட்டரி கொண்ட கார் நெடுஞ்சாலையில் 160, 170 கிலோமீட்டர் போனால் நல்லது. டெங்கிலிலிருந்து தாப்பா ஓய்வுத் தளமே அதைவிடத் தூரம். வழியில் ஒரு முறை நின்றால்தான் ஈப்போ. சுங்கை பட்டாணிக்கு இரண்டு முறையாவது நிற்க வேண்டும்.

சாதாரண நாளில் ஒரு நிறுத்தத்துக்கு அரை மணி நேரம். தேத்தண்ணீர் குடித்து, பிள்ளைகளைக் கழிப்பறைக்கு அழைத்துப் போய் வருவதற்குள் முடிந்துவிடும். தீபாவளிக்கு முந்தைய இரவில் நமக்கு முன்னால் மூன்று கார்கள் காத்திருந்தால் அரை மணி இரண்டு மணியாகும். 2025க்குள் நாடு முழுதும் 10,000 பொதுச் சார்ஜர்கள் என்பது அரசாங்கம் வைத்த இலக்கு. அந்த ஆண்டில் எட்டியது அதில் பாதி அளவே. அவற்றிலும் பெரும் பகுதி கிள்ளான் பள்ளத்தாக்கிலும் பெரிய நகரங்களிலும்தான். பாகான் டத்தோ, சித்தியவான் பக்கம் உள்ள தோட்டத்துப் பாட்டி வீட்டில் மூன்று முனை பிளக் இருக்கும், இரவு முழுதும் செருகி வைக்கலாம். அங்கும் வயர் எவ்வளவு பழையது என்று பார்த்துவிட்டுச் செருக வேண்டும்.

பெரிய பேட்டரி வாங்கினால் இந்தத் தொல்லை குறையும். ஆனால் ஆண்டுக்கு நான்கு பயணத்துக்காக 15,000 வெள்ளி கூடுதலாகக் கொடுப்பதா, அந்த நான்கு பயணத்துக்கும் வீட்டின் இன்னொரு காரை எடுப்பதா என்பது குடும்பத்தின் முடிவு. ஒரே கார்தான் இருக்கிறது, ஊர் வடகோடியில் இருக்கிறது என்றால் இன்னும் சில ஆண்டு காத்திருப்பது நல்லது.

நெரிசலும் வெள்ளமும்

ஜேமில் மாட்டிக்கொண்டால் பேட்டரி தீர்ந்துவிடும் என்ற பயம் தேவையற்றது. நின்ற இடத்தில் மோட்டார் ஓடுவதில்லை. ஏர்கோன் மட்டும் மணிக்கு ஒரு யூனிட் அளவு எடுக்கும். இரண்டு மணி நேர நெரிசலில் இழப்பது 12, 13 கிலோமீட்டர் தூரம், அவ்வளவுதான். கூட்டரசு நெடுஞ்சாலை மாலை நெரிசலுக்கு உண்மையில் மின்கார்தான் பொருத்தம்.

வெள்ளம் பற்றிய கேள்வி நியாயமானது. லங்காட் ஆற்றை ஒட்டிய ஊர் டெங்கில். 2021 டிசம்பர் வெள்ளத்தில் இந்த வட்டாரம் பட்ட பாடும், ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் கார்கள் கூரை வரை மூழ்கி நின்றதும் யாருக்கும் மறக்கவில்லை. மின்காரின் பெரிய பேட்டரி நீர் புகாதபடி மூடி முத்திரையிடப்பட்டது. சாலையில் தேங்கிய மழைநீரைக் கடப்பதில் அது பெட்ரோல் காரைவிடப் பலவீனமானது அல்ல. ஆனால் மணிக்கணக்கில் மூழ்கிக் கிடந்த மின்காரை யாரும் தொட்டு ஸ்டார்ட் செய்து பார்க்கக் கூடாது, சார்ஜரில் செருகவே கூடாது. நிறுவனத்தின் சேவை மையத்துக்கு இழுத்துச் செல்ல வேண்டும். பேட்டரி போனால் செலவு காரின் பாதி விலையைத் தொடலாம். காப்புறுதி எடுக்கும்போது வெள்ளத்துக்கான கூடுதல் காப்பைச் சேர்க்காமல் விடுவது, அதுவும் ஆற்றோரத் தாமானில் இருந்துகொண்டு, பெரிய அசட்டுத்தனம்.

பராமரிப்பில் மின்காருக்குக் கை ஓங்கி இருக்கிறது. இன்ஜின் ஆயில் இல்லை, பிளக் இல்லை, டைமிங் பெல்ட் இல்லை. பிரேக் பேட் நீண்ட நாள் வரும். டயர்தான் சீக்கிரம் தேயும், எடை அதிகம். ஆனால் பழுது என்று வந்தால் பக்கத்துத் தாமான் பட்டறையில் கடன் சொல்லிச் சரிசெய்துகொள்ளும் வசதி இல்லை. உயர் அழுத்த மின்பகுதியைத் தொடுவதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். டெங்கிலிலும் பந்திங்கிலும் கிள்ளானிலும் பட்டறை வைத்துப் பிழைக்கும் நம் போர்மன்கள் பலர் இந்தப் பயிற்சியை இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. இன்று இருக்கும் பெட்ரோல் கார்கள் இன்னும் பதினைந்து ஆண்டு ஓடும் என்பதால் உடனே தொழில் போய்விடாது. பட்டறையில் வேலை பழகும் இருபது வயதுப் பையனின் கணக்கு வேறு, அவன் இப்போதே கற்க வேண்டும்.

வாசல் இல்லாதவர்கள்

புத்ராஜெயா எழுந்த நிலத்தில் முன்பு தோட்டங்கள் இருந்தன. முதல் உலகப் போருக்குப் பின் ஆங்கிலேய அதிகாரிகள் திறந்த பெராங் பெசார் தோட்டம் அவற்றில் ஒன்று. அங்கே உருவான ரப்பர் வகைகள் இன்றும் பி.பி. என்ற எழுத்துகளோடு உலகம் முழுதும் அறியப்படுகின்றன. பெராங் பெசார், காலோவே, மெடிங்லி, செட்ஜ்லி ஆகிய நான்கு தோட்டங்களின் குடும்பங்கள் தொண்ணூறுகளின் கடைசியில் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டன. சுவர் விரிசல் கண்ட அந்தக் கட்டடங்களிலிருந்து தரைவீடு கேட்டு அவர்கள் இருபது ஆண்டுக்கும் மேல் குரல் கொடுத்தது இந்த வட்டாரத்தில் அனைவரும் அறிந்த கதை. தரைவீடு என்றால் என்ன என்பதற்கு இப்போது புதிதாக ஓர் அர்த்தமும் சேர்ந்திருக்கிறது. தரைவீட்டுக்கு ஒரு வாசல், அந்த வாசலில் ஒரு பிளக். அது இருப்பவருக்குச் சாலைச் செலவு 100 கிலோமீட்டருக்கு 8 வெள்ளி, இல்லாதவருக்கு 22 வெள்ளி.

டெஸ்லாவின் மலேசியத் தலைமையகம் இங்கிருந்து சில கிலோமீட்டரில், சைபர்ஜெயாவில் இருக்கிறது. புத்ராஜெயா அலுவலகங்களில் சார்ஜர்கள் வந்துவிட்டன. ஆனால் அந்த அலுவலகங்களைச் சுத்தம் செய்பவரும், காவல் காப்பவரும், விமான நிலையச் சரக்குப் பிரிவில் இரவு ஷிப்ட் பார்ப்பவரும் குடியிருக்கும் மலிவு விலை அடுக்குமாடியில் கார் நிறுத்த நிரந்தர இடமே பலருக்கு இல்லை. இன்று ஒரு மூலை, நாளை சாலையோரம். டெங்கிலுக்கு ரயில் நிலையமும் இல்லை என்பதால் கார் இல்லாமலும் முடியாது.

மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து வயரைத் தொங்கவிட்டுச் சார்ஜ் போட்டால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். கூடாது. மழையில் நனையும், கார் சக்கரம் ஏறும், பிள்ளைகள் கை வைக்கும். சட்டப்படியும் கார் நிறுத்துமிடம் பொதுச் சொத்து. 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின்படி அங்கே எதைப் பொருத்தவும் ஜே.எம்.பி. எனப்படும் கூட்டு நிர்வாகக் குழுவின் அனுமதி வேண்டும். பராமரிப்புக் கட்டணப் பாக்கியால் லிஃப்டையே சரிசெய்ய முடியாத குழுவிடம் சார்ஜர் கேட்பது சற்று அதிகம்தான்.

ஆனாலும் கேட்க வேண்டிய முறை ஒன்று உண்டு. ஒவ்வொரு காருக்கும் ஒரு சார்ஜர் தேவையில்லை. 7 கிலோவாட் சார்ஜர் ஒன்று, ஒரு கார் ஒரு நாளில் இழந்த 8, 10 யூனிட்டை ஒன்றரை மணி நேரத்தில் நிரப்பிவிடும். மாலை ஆறிலிருந்து நள்ளிரவு வரை நான்கு கார்கள் மாறி மாறி நின்றாலே போதும். இரண்டு சார்ஜர்களை எட்டு வீடுகள் பகிர்ந்துகொள்ளலாம். பொருத்தும் செலவைச் சார்ஜர் நிறுவனமே ஏற்று, பயன்படுத்துபவரிடம் யூனிட் கணக்கில் வசூலிக்கும் ஏற்பாடுகளும் நடப்பில் இருக்கின்றன. சிக்கல் விலையில்தான். நிறுவனம் முதல் போட்டால் யூனிட்டுக்கு 90 சென், ஒரு வெள்ளி என்று கேட்கும். மேலே பார்த்த 80 சென் கோட்டைத் தாண்டிவிட்டால் அடுக்குமாடிக்காரர் பெட்ரோலிலேயே நின்றுவிடுவார், அதில் அவர் மீது தப்பில்லை.

வாசல் உள்ளவருக்கு 2,500 வெள்ளி வரிவிலக்குக் கொடுக்கும் அரசாங்கம், வாசல் இல்லாத அடுக்குமாடிக்கு அதே அளவு கை கொடுத்தால் அந்த விலை இறங்கும். தாமானின் அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் சார்ஜர் பேச்சு எழுந்தால், எந்த நிறுவனம், என்ன நிறம், எத்தனை கிலோவாட் என்பதையெல்லாம் பிறகு பார்க்கலாம். யூனிட் எத்தனை சென், அந்த விலை எத்தனை ஆண்டுக்கு மாறாது என்பதை முதலில் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே கை தூக்க வேண்டும்.